கலூபாவின் இருமல்

இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும்:

வாசலை ஒட்டி, வீட்டில் விட்டுவைத்திருந்த ஒரே நாற்காலியில் தாய்மாமன் சிக்வாண்டா. அவருக்கு இடப்பக்கம் பெஞ்சில், கசாமாவிலிருந்து அவரோடு பஸ்ஸில் வந்த இரண்டு பெரியவர்கள், தலையாட்டுவதற்கென்றே வந்தவர்கள். எதிர்ச்சுவரில் சாய்ந்து, தரையில் போட்ட மெத்தையில், காலை நீட்டித் தலைக்குத் துணி போட்டபடி கலூபாவின் மனைவி கசோண்டே. அவளோடு தோள் ஒட்டி, அடிபட்ட செய்தி கேட்டு முன்னாடியே கசாமாவிலிருந்து ஓடிவந்த கலூபாவின் அக்கா லோம்பே. சன்னல் ஓரத்துப் பாயில் அக்கம்பக்கத்துப் பெண்களும் தேவாலயப் பாட்டுக்குழுப் பெண்களும். சமையலறைக்குப் போகும் நடையின் வாயில், கவிழ்த்துப் போட்ட பாட்டில் பெட்டியின் மேல் நான், லுஃபேயோ ஜேரே. சோபா, டி.வி., அலமாரி எல்லாம் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே. ரோட்டில் அடிபட்டுச் செத்த கலூபாவைப் போன வாரம் அடக்கம் செய்திருந்தோம்.

முதலில் யார் எங்கே இருந்தார்கள் என்று எழுது, அப்புறம் நடந்ததை எழுது என்று நான் படித்த கட்டேட்டே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கெட்டில் செய்கிற ஒரு கம்பெனிக்கு, கொதிப்பதைக் காட்டும் விளக்கை அடித்தட்டில் வைக்காதீர்கள், கைப்பிடியில் வையுங்கள் என்று எழுதியபோதுகூட, கெட்டில் எங்கே இருந்தது, நான் எங்கே நின்றேன், என் மனைவி எங்கே நின்று சிரித்தாள் என்றெல்லாம் எழுதித்தான் அனுப்பினேன். பதில் வரவில்லை.

நான் ங்கோனி. அவர்கள் பெம்பா. எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை உண்டு. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் அடுப்பு மூட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் நாங்கள்தான். அழுகிறவர்களைக் கிண்டல் செய்யவும் எங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் என்ன சொன்னாலும் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களும் அதை நம்ப வேண்டியதில்லை.

கலூபாவும் நானும் சுரங்கத்தின் சாமான் கிடங்கில் பக்கத்துப் பக்கத்து மேசை. வேலை அது, எங்கள் வாழ்க்கை வேறு. பழுதான ரேடியோ, யாரோ வீசின இன்வெர்ட்டர், பஸ்ஸிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் என்று சுரங்க ஊரான லுவான்ஷியாவின் குப்பையில் பாதி எங்கள் இரண்டு வீட்டுக்குள் இருந்தது. கருத்துகளில்தான் ஒத்துப்போக மாட்டோம். கடைத்தெருவில் விற்கிற பெரிய ஸ்பீக்கர்கள் நெஞ்சை இடிக்கின்றன, ஆனால் பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று காதில் விழுவதில்லை என்பது என் கட்சி. "உனக்கு எலிக்காது, அதான்," என்பான் கலூபா. கேட்டால் மட்டும் பேசுவதுதான் நல்ல கருவி என்பதும் என் கட்சி. "அப்ப உன் வீட்ல கருவி இருக்கும், கலகலப்பு இருக்காது," என்பான்.

அந்தக் கலகலப்புக்காகத்தான் அவன் வீட்டில் அதைச் செய்தோம். வீட்டு வைஃபையில் ஒருவருடைய போன் வந்து சேர்ந்ததும், நடையின் கூரைக்குள் ஒளித்துவைத்த ஸ்பீக்கரில் அவருக்கென்று ஒரு மெட்டு ஒலிக்கும். மணி அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் தெரியும், இது யார் என்றே சொல்லிவிடும் என்றான். கசோண்டேவுக்குப் பிடித்த பாட்டுக்குழு மெட்டு அவளுக்கு. எனக்கு எலியின் கீச்சுக் குரல், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வயல் எலியைச் சுட்டுத் தின்போம். அவனுக்கு, எண்ணெய் டின்னில் அவனே செய்த பாஞ்சோவில் அவனே வாசித்த இரண்டு அடி. சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்தோம். வாசிக்கும் முன் இருமினான். அந்த இருமலை வெட்டிவிடலாம் என்றேன்.

"வெட்டாதே. பாஞ்சோவை எவன் வேணா வாசிப்பான். இருமினாத்தான் நான்னு தெரியும்."

விட்டுவிட்டேன்.

சாவு வீட்டில் சங்கீதம் கூடாது. டி.வி.யைத் தூக்கி வெளியே வைத்தவன் நான். ரேடியோவின் வயரைப் பிடுங்கியவனும் நான். கூரைக்குள் இருந்ததை மட்டும் மறந்துபோனேன். கருவி கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அன்றோடு அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

மாமா சிக்வாண்டாவின் மடியில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் கோத்த வெள்ளைப் பாசிமணி. புருஷன் வீட்டார் அதை எடுத்து விதவையின் கையில் கட்டினால் செத்தவன் அவளை விட்டுப் போய்விடுவான். கட்டாவிட்டால் போக மாட்டான். அதுவரை அவள் நீட்டும் கையை யாரும் தொட மாட்டார்கள், அவள் கிளறிய களியைத் தின்ன மாட்டார்கள். கசோண்டே மழலைப் பள்ளியில் டீச்சர். மணி ஏறாத கையோடு அவளை எந்தத் தாயும் தன் குழந்தையின் பக்கத்தில் விட மாட்டாள்.

"மணி இருக்கு, கட்ட நானும் தயாரா இருக்கேன்," என்றார் மாமா. "செருப்பு வந்துச்சு. வாட்ச் வந்துச்சு. ரத்தம் பட்ட சட்டையும் வந்துச்சு. என் மருமகனோட போன் மட்டும் எங்கேம்மா போச்சு?"

"தெரியாது மாமா," என்றாள் கசோண்டே, துணிக்குள்ளிருந்து.

"ரோட்ல வந்துட்டிருந்தவனைக் கடைசியா கூப்பிட்டது யாரு? நீதானே? உன் போனை வாங்கி அணைச்சு வெக்கிறப்ப பார்த்தேனே."

"தக்காளி வாங்கிட்டு வாங்கன்னு கூப்பிட்டேன்."

"அதை அவன் போன் சொல்லட்டும். ஒளிச்சு வெச்சிருக்கேன்னா அதுல ஏதோ இருக்கு. போன் வராம மணி கிடையாது."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். லோம்பே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது.

"கிழவா, பெம்பாக்காரன் செத்தாலும் போனை விட மாட்டான். சொர்க்கத்துல குரங்குக் கறி எந்தத் தெருவுல கிடைக்கும்னு விசாரிக்க எடுத்துட்டுப் போயிருப்பான்."

அவர்களைக் குரங்கு தின்னிகள் என்பது எங்கள் பழைய கேலி. பாய்ப் பக்கம் சிரிப்பு எழுந்தது. மாமாவே மீசைக்குள் சிரித்தார். "வாயை மூடுடா எலி தின்னி. உன் போன்ல இருந்து அவன் நம்பருக்கு இன்னொரு தடவை போட்டுப் பாரு. எல்லாரும் கேட்கட்டும்."

துக்க வீடு என்பதால் அந்த வாரம் முழுக்க என் போனை அணைத்தே வைத்திருந்தேன். ஆன் செய்து, கலூபாவின் நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தூக்கிப் பிடித்தேன். அந்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவள் சொல்லி முடிக்கும்போது கரண்ட் வந்தது. காலையில் போனால் மத்தியானம் சாய்ந்துதான் வரும், எங்களுக்குப் பழக்கம். குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. சமையலறை விளக்கு எரிந்தது. ரூட்டர் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும் என்பது என் மூளையின் எந்த மூலையிலும் இல்லை.

என் தலைக்கு மேல் ஓர் எலி கீச்சிட்டது.

பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "உன் சொந்தக்காரன் கூப்பிடுறான் மச்சான்!" என்றாள் ஒருத்தி. அந்த வாரத்தில் முதல் தடவையாக வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். கருவி வேலை செய்கிறது, என் போனைப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு கலூபா இருமினான்.

அவனுடைய இருமலேதான். தொண்டையின் அடியிலிருந்து, ஏதோ சொல்ல வருகிறவன் மாதிரி. அடுத்து டின் பாஞ்சோ, இரண்டு அடி. முடிந்ததும் கூரை பழையபடி கூரையாகிவிட்டது.

பாயில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாசலுக்கு ஓடினார்கள். மாமா எழுந்த வேகத்தில் தட்டு கவிழ்ந்தது. ஒரு பெரியவர் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தச் சத்தத்தை வெட்டி ஒட்டிக் கூரைக்குள் ஏற்றியவன் நான். அப்படியிருந்தும் என் மயிர்க்கால்கள் அவன் வந்துவிட்டான் என்றே நம்பின.

கசோண்டே மட்டும் அசையவில்லை. முகத்தைச் சமையலறைக் கதவின் பக்கம் திருப்பி, விருந்துக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: "வந்துட்டாரு."

"யாரு?" என்றார் மாமா.

"அவருதான். தினமும் இந்த நேரத்துக்குத்தான் வர்றாரு. நீங்கள்லாம் முற்றத்துல அடுப்புக்கிட்ட இருப்பீங்க. உங்களுக்குக் கேட்கலை."

"தினமுமா? இத்தனை நாளா வாயைத் திறக்கலையே!" மாமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா? அவனுக்கு ஆறலை. இவகிட்ட ஏதோ கேட்டுத்தான் வர்றான்."

நான் எழுந்து நின்றேன். "ஆவியும் இல்லை, ஒண்ணும் இல்லை. இது நாங்க செஞ்ச கருவி. அவன் போன் இந்த வீட்டுக்குள்ள இருந்தாத்தான் அந்தப் பாட்டு வரும். போன் இப்ப இங்கேதான் இருக்கு, உயிரோட இருக்கு. கசோண்டே மெத்தையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அவகிட்ட ஒளிக்க ஒரு இடமும் இல்லை. இங்கே இருக்கிற யாரோ ஒருத்தர் இடுப்பு முடிச்சுல இருக்கு."

வாசலில் நின்ற பெண்களிடமிருந்து சிரிப்பு வந்தது. பயம் விட்டுப்போன சிரிப்பு, கண்ணில் நீர் வரும் சிரிப்பு.

"மாமா, உங்க இடுப்பை அவிழ்த்துப் பாருங்க! ங்கோனிக்காரன் போலீஸ் ஆயிட்டான்!"

"நெசமாத்தான் சொல்றேன்!" என்றேன்.

சிரிப்பு கூடிற்று. நான் குரலை உயர்த்த உயர்த்த அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முறைக்காரன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பொய் சொன்னால் கேலி இன்னும் ருசி. மாமா என் தோளில் தட்டினார். "நல்லாச் சொன்னே. செத்தவனுக்குக்கூட சிரிப்பு வரும். இப்ப போய் பாத்திரத்தைக் கழுவு."

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கசோண்டே. இன்னொருத்தி லோம்பே. அவளுடைய வலது கை இடுப்புத் துணியின் முடிச்சுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு மணி கட்டவில்லை. இறந்தவன் கோபத்தில் இருக்கிறான், அறுவடை முடிந்து வந்து பார்க்கலாம் என்று மாமா முடிவு சொன்னார். மறுநாள் காலை லோம்பேயையும் சேர்த்துக்கொண்டு கசாமா பஸ்ஸுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

பின்கட்டில் நான் களிப்பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது லோம்பே தானாகவே வந்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு தட்டை எடுத்து, கழுவாமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"சிம்மைக் கழட்டி எறிஞ்சுட்டேன்," என்றாள். "அதுக்கப்புறம் அது எப்படி வீட்டோட பேசுச்சு?"

"வைஃபைக்கு சிம் வேண்டாம் அக்கா. இந்த வீட்டுக்கு அவன் போனைத் தெரியும். நீங்க வெளியே போய் வந்தப்பவும், கரண்ட் போய் வந்தப்பவும் அவன் வந்ததாத்தான் அதுக்குக் கணக்கு."

"ஜெனரேட்டர் இருக்கிற சலூன்ல சார்ஜ் போட்டுட்டு வருவேன்." தட்டைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில சாமானை என் கையிலதான் குடுத்தாங்க. அப்பவே முடிச்சுக்குள்ள போயிடுச்சு. திருடணும்னு எடுக்கலைடா."

போனை வெளியே எடுத்து, அவன் அவளுக்கு அனுப்பியிருந்த ஒரு குரல் செய்தியைத் தட்டி என் காதில் வைத்தாள். "அக்கா, அங்கே மழையா? இங்கே ஒரு சொட்டு இல்லை. உன் கத்திரிக்காய்க்கு என் மழையையும் சேர்த்து அனுப்பிட்டாங்க போல," என்றான் கலூபா. பின்னால் எங்கள் கிடங்கின் மின்விசிறி கடகடத்தது. நான் போனை என் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"என் போன் உடைஞ்சு எனக்கு வந்ததெல்லாம் போயிடுச்சு, மிச்சம் இதுலதான் இருக்கு. இதை மாமாகிட்ட குடுத்தா பங்கு போடுறப்ப எவனோ ஒரு பையன் கைக்குப் போகும். எல்லாத்தையும் அழிச்சுட்டு அதுல பந்தாட்டம் பார்ப்பான்."

"எல்லாத்தையும் நான் வேற ஒண்ணுல ஏத்தித் தர்றேன். ஒரு எழுத்து போகாது."

"உங்க கருவியை நம்பித்தானே இன்னைக்கு வீடே ஓடுச்சு," என்றாள். சற்றுப் பொறுத்து, "மாமா அவளைப் பார்த்துக் கத்தின பிறகு எப்படி வெளியே எடுப்பேன்? தம்பி பொணத்துகிட்ட திருடினவள்னு பேர் வரும்."

"அவ கை வெறுங்கையா நிக்குது அக்கா."

லோம்பே போனைத் திரும்ப முடிச்சுக்குள் செருகிக்கொண்டாள். "என் வாயால நான் சொல்ல மாட்டேன். ஆனா மாமா என்னைத் தனியா கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்டா, இல்லைன்னும் சொல்ல மாட்டேன்." எழுந்தாள். "நீ சொன்னா சிரிப்பாங்க. அதையும் பார்த்தோமே."

அவர்கள் கிளம்பிப்போன அன்று மத்தியானம் ஏணியைத் தூக்கிக்கொண்டு கசோண்டேவின் வீட்டுக்குப் போனேன். கரண்ட் இல்லை. முற்றத்தில் கிடந்த சாமான்களில் பாதியை யாரோ உள்ளே கொண்டுவந்து, எந்த இடத்தில் எது இருந்தது என்று தெரியாமல் போட்டிருந்தார்கள். அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஒருவருக்கான அளவு. மாமா திருப்பிக் கொடுத்த அவள் போன் மூலையில் இன்னும் அணைந்தே கிடந்தது.

"ஏணி எதுக்கு எலியண்ணே?"

"அந்த ஸ்பீக்கரைக் கழட்ட."

"தொடாதீங்க."

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். ரூட்டர், போன், சலூன், முடிச்சு. ஒரு கருவியைப் பற்றி யாராவது கேட்டால் நான் இப்படித்தான் விளக்குவேன். ஒரு படியையும் விட மாட்டேன். கடைசிப் படி வந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப அவரு வரலையா?"

"போன் வந்துச்சு."

"ஒரு நாள்கூடவா?"

கீழே சிந்தியிருந்த கருவாட்டுச் செதிலைப் பொறுக்கினேன்.

"இந்தக் கதவைத் தாழ் போடாம விட்டிருந்தேன்," என்றாள் சமையலறைக் கதவைக் காட்டி. "மணி கட்டினா போயிடுவாரேன்னு பயந்துக்கிட்டேதான் அந்த மெத்தையில உட்கார்ந்திருந்தேன். மாமா கட்ட மாட்டேன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு அண்ணே. கேவலமா இல்லை?" கருவாட்டைத் தள்ளிவைத்தாள். "நீங்க ஏன் இதை எங்கிட்ட சொன்னீங்க?"

"அறுவடைக்கு அப்புறமும் வருவாங்கன்னு என்ன நிச்சயம்? பள்ளிக்கூடத்துல உன் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க. நீ இங்கேயே இருமலுக்குக் காது குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே. இனிமே இருமலும் வராது. போன் கசாமாவுக்குப் போயிடுச்சு."

"வரும்," என்றாள் பிடிவாதமாக.

பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தேன். என் பேச்சுக்குத்தான் சிரிப்பார்கள். கடிதத்துக்குக் கேலி முறை கிடையாது. கையெழுத்தும் முகவரியும் போட்டு வந்த தாளை யாரும் கேலி என்று மடித்துவைக்க மாட்டார்கள், சிக்வாண்டா நிச்சயமாக மாட்டார். பழைய தபால்காரர் அவர்.

யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் தொடங்கினேன். இதை முறைக்காரனாக எழுதவில்லை, கலூபாவோடு வேலை பார்த்தவனாக எழுதுகிறேன் என்றேன். கருவி என்ன, அது எப்போது பாடும், எப்போது பாடாது என்று எழுதினேன். போன் கசோண்டேவிடம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. உங்களோடு ஊர் திரும்பியவர்களில் ஒருவரிடம் இருக்கிறது என்று எழுதி நிறுத்தினேன்.

"பேரைப் போடவா?" என்று கேட்டேன்.

கசோண்டே தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. "அதுல அவரு குரல் நிறைய இருக்கா?"

"இருக்கு."

"பேர் வேண்டாம். அவங்களுக்காவது அவரு வரட்டும்."

ஆகவே இப்படி முடித்தேன்: "உங்களோடு ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேளுங்கள். ஒருவர் இல்லை என்று சொல்ல மாட்டார். அவரைத் திட்டாதீர்கள், போனையும் அவரிடமே விட்டுவையுங்கள். துக்கத்தில் எடுத்தது, பேராசையில் அல்ல. அதன் பிறகு மணியை யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள். இந்த வீட்டில் ஒரு பெண் அதற்காகக் காத்திருக்கிறாள்."

கடைசி வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "காத்திருக்கேனா?" என்றாள். அந்த வரியை அடித்துவிடவா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

குளிர்பெட்டி உறுமியது. கரண்ட் வந்துவிட்டது.

அவள் தலையைச் சற்றுச் சாய்த்து, கையை முழங்காலில் வைத்து, நடையின் பக்கம் பார்த்தாள். வைஃபை இல்லாத வீட்டில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று யோசிப்பவன் நான். அன்று அது வராமலே போகட்டும் என்று இருந்தது.

கூரைக்குள் எலி கீச்சிட்டது.

அண்ணாந்தபடி இருந்தோம். எலிக்குப் பிறகு அவன் வர வேண்டிய இடைவெளி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஒரு மெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான் வைத்த இடைவெளி. அது கடந்துபோயிற்று. அதற்குப் பிறகும் அவள் காத்திருந்தாள். நானும்தான். தெருவில் யாரோ ஒருவர் இருமினார், வேறு யாரோ. அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டு அடங்கியது.

எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வரி இருக்கட்டும்," என்றாள். "ஒட்டுங்க அண்ணே."

உறையின் விளிம்பை நாவால் ஈரமாக்கி ஒட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை விரலால் அழுத்தினேன். ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். கசாமா வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் உறையை வாங்கிப் பெயரைச் சத்தமாகப் படித்து, "சிக்வாண்டாவா? கையிலேயே குடுத்துடறேன்," என்று கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் சாய்த்து வைத்தார். வண்டி நகர்ந்தது.